லைன் நாளில் போடாத மாத்திரை

ராயபுரத்தைக் கடந்து காசிமேட்டை நெருங்கும்போது பையின் பட்டை அறுந்தது. முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நடந்தேன். பக்கத்தில் பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது முதலில் கொஞ்ச தூரம் நடந்து போவதுதான் என் வழக்கம். பஸ்ஸில் ஏறினால் எங்கே போக வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லியாக வேண்டும். நடந்தால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று எனக்குப் போகும் இடம் தெரியும் என்றுதான் நினைத்தேன். மீஞ்சூரில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் குழாய் மாற்றும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எட்டாவது வரை படித்தவனுக்குக் குழாய் தூக்க யாரும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, அட்டையில் மிச்சமிருந்த என் மாத்திரை. பின்னால், பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்து கிடந்தார் என் டிரைவர். நான் அவர் ஓட்டிய கன்டெய்னர் லாரியில் கிளீனராக இருந்தவன். அவர் மனைவி வந்து சேர்ந்துவிட்டார். இனி அங்கே எனக்கு வேலையில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் காரணம் எனக்கு வந்த மூத்திர எரிச்சல். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் லாரிகள் எண்ணூர் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அதை லைன் என்போம். சில நாள் நகரும். சில நாள் காலையில் பார்த்த அதே மின்கம்பத்தையே சாயங்காலமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட பாறாங்கற்கள், மறுபக்கம் வீடுகள். கற்களுக்கு நடுவில் ஒதுங்கலாம் என்று போனால், அங்கே மீன் காயவைக்கும் குப்பத்துப் பெண்கள் விரட்டுவார்கள். அவர்கள் விரட்டுவது நியாயம்தான். அது அவர்கள் வாசல். போதாததற்கு, டிரைவர் இறங்கிய நேரம் பார்த்து லைன் நகர்ந்துவிடும். முன்னால் இடைவெளி விழுந்தால் பக்கத்துச் சந்தில் காத்திருக்கும் இன்னொரு லாரி மூக்கை நுழைத்துவிடும். ஆகவே லைனில் சேர்ந்தது முதல் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். அரை டம்ளர் டீ, அவ்வளவுதான். பாட்டில் தண்ணீர் முகம் கழுவ. வந்தாலும் அடக்கிக்கொள்வோம். அடக்கத் தெரிந்தவன்தான் லைனுக்கு லாயக்கு என்று எங்களுக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

அந்த வாரம் எனக்கு எரிச்சல் ஆரம்பித்தது. இரண்டு நாள் பொறுத்தேன். அப்புறம் ஒதுங்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னா மாமு, மூஞ்சி இப்டி போவுது? எங்கனா போய்ட்டு வந்தியா?"

"எங்க போறது? உன் கூடத்தானணா கீறேன்."

அவர் ஐம்பதைக் கடந்தவர், தண்டையார்பேட்டைக்காரர். என்னை மாமு என்பார். கோபம் வந்தால் டேய். நான் அவரை அண்ணா என்பேன். நான் பிறந்தது வேறு ஜில்லா. ஆனால் அவரோடு பேசும்போது அவர் பாஷைதான் எனக்கும் வரும்.

அன்று துறைமுகத்தில் கம்ப்யூட்டர் ஏதோ பழுதாகி லைன் செத்துக் கிடந்தது. "வா, இஸ்கூல் தெரு பக்கம் கார்ப்பரேசன் ஆஸ்பத்திரி கீது. காட்டிட்டு வந்துர்லாம்" என்று அவரே இறங்கினார். சாவியைப் பின்வண்டி டிரைவரிடம் கொடுத்தார். லைன் இப்படிச் செத்துக் கிடக்கும் நாளில் மட்டும் அது வழக்கம். யாராவது இறங்கிப் போனால் சாவி பின்வண்டிக்காரரிடம் இருக்கும். லைன் நகர்ந்தால் அவரே இரண்டு வண்டியையும் நகர்த்துவார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் காலையில் மட்டும் இருப்பார். அதற்கு மேல் ஒரு நர்ஸ். ஊசி மட்டும் போடுகிறவர் இல்லை. நோயாளியைச் சோதித்து இன்ன நோய் என்று கண்டுபிடிக்கவும், மருந்து தொடங்கவும், தன்னால் ஆகாததை மேலே அனுப்பவும் தனியாகப் படித்தவர். சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் போடுவார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்று, டாக்டர் இல்லையே என்று திரும்பிப் போகப் பார்த்தேன். டிரைவர் என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று நர்ஸ் கேட்டார். நாற்பது வயதிருக்கும். மேசையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்துவிட்டது.

"ரெண்டு நாளா, சிஸ்டர்."

"குளிர் ஜுரம் உண்டா? வாந்தி? முதுகு வலி?"

இல்லை என்றேன். விலாவுக்குக் கீழே முதுகில் கையை மடித்து இரண்டு பக்கமும் மெல்லத் தட்டினார். வலித்தால் சொல்லச் சொன்னார். வலிக்கவில்லை. அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில், "சமீபத்துல யார்கூடயாவது சேர்ந்து இருந்தீங்களா?" என்று கேட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. நர்ஸ் கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

இல்லை என்றேன். உண்மைதான். ஒரு டப்பாவைக் கொடுத்து பிடித்துவரச் சொன்னார். வந்தது கொஞ்சம், அதுவும் டீ டிகாஷன் நிறம். அதில் ஒரு தாள் பட்டையை நனைத்து எடுத்தார். பட்டையில் இருந்த கட்டங்கள் நிறம் மாறின. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அது சரியாக இருந்தது.

"கிருமி பிடிச்சிருக்கு. பொம்பளைங்களுக்கு அடிக்கடி வரும். ஆம்பளைக்கு வந்தா ஏன் வந்துச்சுன்னு பாக்கணும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

லைனைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். மூத்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகவும், ஒரு வாரத்துக்கு மாத்திரை தருவதாகவும், முடிந்ததும் வந்து மறுபடி காட்ட வேண்டும் என்றும் சொன்னார். "வராம ஓடிடக் கூடாது" என்றார். என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் அது எப்படித்தான் தெரியுமோ.

நான் எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. "வெளியில இருமறது யாரு?"

"எங்க டிரைவரு."

"உள்ள வரச் சொல்லுங்க."

டிரைவர் வாசலிலேயே நின்றார். "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். இவனுக்குத்தான் பேஜாரு. நான் பீடிய வுட்டே..." அங்கே மூச்சு வாங்கினார். "...ரெண்டு வருசம் ஆவுது."

"சரி. இந்த நாற்காலி வரைக்கும் நடந்து வந்து உக்காருங்க. உக்காந்துட்டுப் போங்க."

அவர் நடந்து வருவதை நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்கார்ந்ததும் அவர் கழுத்தைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செருப்பைக் கழற்றியிருந்தார். ஆனால் செருப்பின் வார் இன்னும் காலில் இருப்பதுபோல இரண்டு பாதத்திலும் ஆழமாக வரி பதிந்திருந்தது. நர்ஸ் முன்னங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. ஈரச் சிமெண்டில் விரல் வைத்த மாதிரி.

"கால் வீங்கியிருக்கே, தெரியலையா?"

"டிரைவர் காலு சிஸ்டர். கிளட்ச் மிதிக்கிற காலு வீங்காம இன்னா பண்ணும்?"

"ரெண்டு காலுமா கிளட்ச் மிதிக்குது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை முறைத்தார்.

"ராத்திரி ஒண்ணுக்கு எழுந்திருப்பீங்களா?"

"அத்த கேக்காதீங்க. மூணு தபா, நாலு தபா. எங்க செட்டுல இந்த வயசுக்காரன் எல்லாத்துக்கும் அப்டித்தான். அடைப்பு."

"அடைப்புன்னு யாரு சொன்னது?"

"நாங்களே சொல்லிக்கினோம்."

"முக்கிப் போகணுமா? சொட்டுச் சொட்டா வருமா?"

"சேச்சே, அதெல்லாம் கொழாய் மாதிரி வரும்."

அவருக்கும் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். "அடைப்புன்னா இப்படித் தாராளமா வராது. அதையும் ஒரு நாள் பாத்துடலாம். ஆனா பகல் பூரா கால்ல தேங்குற தண்ணி, ராத்திரி காலை மேல தூக்குனதும் திரும்பிவந்து எறங்கற மாதிரி இருக்கு. படுத்தா மூச்சு முட்டுதா?"

"முட்டல."

"எத்தன தலையண வெச்சுப் படுப்பீங்க?"

"தலகாணிக்கு எங்க போறது சிஸ்டர், லாரியில?"

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "இவரு எப்படித் தூங்குவாரு?"

"சீட்லயேதான். உக்காந்துக்கினே, காலை டேஷ்போர்டு மேல போட்டுக்கினு. டிரைவருங்க அப்படித்தான் தூங்குவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே ஒன்று உறைத்தது. எங்கள் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற பலகை உண்டு. அது டிரைவருடைய இடம். கிளீனர் டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்க வேண்டியதுதான். எல்லா வண்டியிலும் அதுதான் முறை. சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் படுத்தேன். மழைக்காலம் முடிந்தபின் ஒரு நாள் அவர், "மேல வந்து படு மாமு, கீழ கொசு" என்றார். அன்றிலிருந்து பலகை எனக்கு. நான் இதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்திருக்கிறேன், பிவண்டியில் தறியில் இருந்திருக்கிறேன், விசைப்படகில் ஐஸ் உடைத்திருக்கிறேன். எங்கேயும் யாரும் தன் படுக்கையை எனக்குக் கொடுத்ததில்லை. அதனால் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அவரால் அந்தப் பலகையில் படுக்க முடியவில்லை என்று நினைக்கத் தோன்றவில்லை.

இதை நர்ஸிடம் சொன்னேன். டிரைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் கட்டில்ல மல்லாந்து படுங்க" என்றார் நர்ஸ்.

"தூக்கம் வர்ல சிஸ்டர்."

"தூங்க வேண்டாம். படுங்க போதும்."

படுத்தார். நர்ஸ் பக்கத்தில் நின்று நாடியைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவர் கழுத்தில் ஒரு நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. மூக்கு விரிந்தது. வாயைத் திறந்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். தண்ணீரில் அமுக்கி எடுத்த ஆள் மாதிரி இருந்தது முகம்.

"போதும், போதும். உக்காந்தே இருங்க" என்று நர்ஸ் முதுகுப் பக்கம் தலையணைகளை அடுக்கிச் சாய்த்தார். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். பிரஷர் பார்த்தார். மார்பில் ஒயர்களை ஒட்டி ஒரு சின்ன மெஷினில் படம் எடுத்தார். "நாடி ஒரு சீரா இல்ல. தாறுமாறா அடிக்குது" என்று தனக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். போனில் அவர் சொன்னது பாதி இங்கிலீஷ். கால் வீக்கம், படுக்க முடியவில்லை, நுரையீரலின் அடியில் நீர் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"ஹார்ட்டா?" என்று டிரைவர் கேட்டார். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

"ஹார்ட்தான். நின்னு போகல. ஆனா தள்ள வேண்டிய அளவு தள்ள முடியல. தள்ளாத தண்ணி கால்லயும் நெஞ்சுலயும் தேங்குது. ஏற்கெனவே எதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு. டெய்லி போடுவேன், கரீட்டா."

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்து லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டிக்குப் பின்னால் இரண்டு அட்டைகள் செருகியிருக்கும். ஒன்று தீரத் தீரப் புதிதாக வரும். மற்றது அப்படியே இருக்கும்.

"இன்னொண்ணும் கீதே அண்ணா" என்றேன்.

"டேய்."

"என்ன மாத்திரை அது?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணுக்குப் போற மாத்திரை சிஸ்டர்" என்று அவரே சொன்னார். "அத்த போட்டா சும்மா சும்மா எறங்கணும். நான் எறங்குனா லைன் நவுந்துடும். அத்தொட்டு லைன் நாள்ல போட மாட்டேன். மத்த நாள்ல போடுவேன்."

"லைன்ல நிக்காத நாள் கடைசியா எப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பொயல் வருதுன்னு ஹார்பர மூடுனாங்களே, அப்போ" என்றேன்.

"ஆங், அப்போ" என்றார் அவர்.

புயல் எச்சரிக்கை வந்தது போன மழைக்காலத்தில். இப்போது கத்திரி வெயில்.

நர்ஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அந்த மாத்திரை போட்டு மூணு நாலு மணி நேரம்தான் ரொம்ப விரட்டும். அப்பறம் அடங்கிடும். வண்டி யார்டுல நிக்கற நேரமாப் பாத்துப் போடலாம்னு நேரத்த மாத்திக் குடுத்திருப்போம். கேட்டிருக்கலாமே?"

"எப்டி கேக்கறது? ஒண்ணுக்குப் போக எடமில்ல, அதான் மாத்திரை போடலன்னு டாக்டராண்ட சொன்னா சிரிக்க மாட்டாரு?"

"இப்ப நான் சிரிக்கறேனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் சொன்னபடி நர்ஸ் ஓர் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் வைத்து ஆம்புலன்ஸை வரவழைத்தார். போகிற வழியில் டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். வண்டி. சாவி பின்வண்டிக்காரனிடம் இருக்கிறது என்று மொதலாளிக்குச் சொல்லு. லைனை விட்டுடாதே. கன்டெய்னர் பெட்டி கப்பலைத் தவறவிட்டுடும். அப்புறம் அந்த ஊசி வேலை செய்ய ஆரம்பித்து, ஆம்புலன்ஸில் இருந்தவர் நீட்டிய பாத்திரத்தில் நிரப்பிக்கொண்டே வந்தார். "லைன்ல ஆறு மாசமா அடக்குனது மாமு" என்றார் மூச்சு வாங்கியபடி.

வார்டில் மூன்றாம் நாளே கால் வற்றி எலும்பு தெரிந்தது. அவர் மனைவி காசிமேட்டில் கருவாடு விற்பவர். வந்ததும் முதலில் அவரைத் திட்டினார். அப்புறம் என்னைத் திட்டினார். அப்புறம் கட்டிலோரம் குந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"வூட்டுக்கு வந்தாலும் டிவி முன்னாடி செவுத்துல சாஞ்சிக்கினே தூங்குவாருப்பா. பாய் போட்டா வர மாட்டாரு. டிவி பைத்தியம் புட்ச்சிடுச்சின்னு நெனச்சேன். அந்த டிவிய ஒடைக்கறேன்னு சண்ட போட்டேன்."

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

வார்டு டாக்டர், இப்போதைக்குக் கனரக வண்டி ஓட்டக் கூடாது, சில மாதம் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். முதலாளி அதற்குள் வேறு டிரைவரை ஏற்றிவிட்டார். புது டிரைவர் தன் மச்சானையே கிளீனராகக் கூட்டிவந்துவிட்டதால் எனக்கும் வண்டி இல்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன்.

"சொல்லிட்டுப் போறியா, சொல்லாம போறியா?" என்றார் டிரைவர்.

"சொல்லிட்டுத்தான். மீஞ்சூர் பக்கம் வேல கீதாம்."

"போ போ. நீ இம்மா நாள் ஒரே வண்டில இருந்ததே பெர்சு." மனைவி தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும் குரலைத் தணித்தார். "ஸ்டீயரிங்க புடுங்கிட்டான்னா வூட்ல குந்திக்கினு இவ கருவாட எண்ணிக்கினு இருக்கணுமா? எண்ணூர்ல ஒருத்தன் லாரி வெச்சிருக்கான். அவன் கேள்வி கேக்காம வண்டி குடுப்பான். ரெண்டு வாரத்துல ஏறிடுவேன், பாரு. இவளாண்ட சொல்லாத."

"அப்ப மாத்திரை?"

"லைன் இல்லாத நாள் போட்டுக்கறேன்."

இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் வெளியே வந்து நடந்துகொண்டிருந்தேன்.

காசிமேட்டுக்கு மேல் கடலோரமாகவே போனேன். எதிரே லைன் நின்றது. தலைகீழாக, கடைசி வண்டியை நோக்கி நடந்தேன். தெரிந்த டிரைவர்கள் கையைத் தூக்கினார்கள். ஒருவர், "இன்னாடா, உன் ஆளு பூட்டானா கீறானா?" என்று கத்தினார். "கீறாரு" என்றேன். "கீறாரு" என்று அவர் பின்வண்டிக்குச் சொன்னார். அது அப்படியே பின்னால் போனது. நான் போய்ச் சேரும் முன்பே அடுத்தடுத்த வண்டிகளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோர் சீட்டிலும் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்ததைக் கவனித்தேன். முன்பு கவனித்ததில்லை.

திருவொற்றியூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது மாத்திரை முடியப்போவதால்தான். நர்ஸ் மறுபடி காட்டச் சொல்லியிருந்தார். நான் திரும்பி வந்ததில் நர்ஸுக்கு ஆச்சரியம். மூத்திரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை வெளிறி இருந்தது. பரிசோதனை முடிவும் வந்திருந்தது. கொடுத்த மருந்தே சரியானதுதானாம். மிச்சத்தையும் முடிக்கச் சொன்னார். மறுபடி வந்தால் வயிற்றை ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

"அவரு எப்படி இருக்காரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணூர் லாரியையும் சொன்னேன். மனைவியிடம்தான் சொல்லாதே என்றார், நர்ஸிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை.

நர்ஸ் பேனாவை மூடினார். "திரும்ப லைன்ல ஏறினா திரும்ப மாத்திரைய நிறுத்துவாரு. நிறுத்தினா திரும்பத் தண்ணி கட்டும். இந்தத் தடவ நடந்து வந்து பெஞ்சில உக்காந்தாரு. அடுத்த தடவ அது கிடைக்குமான்னு தெரியாது. பாதி வழியில ஸ்டீயரிங் பிடிச்சுக்கிட்டே மயக்கம் வந்தா ரோட்ல போறவங்களும் இருக்காங்க."

"சும்மா இருன்னா இருக்க மாட்டாரு, சிஸ்டர்."

"சும்மா இருக்க நான் சொல்லல. கனம் தூக்காத வேலை. பக்கத்துல கக்கூஸ் இருக்கற வேலை. லாரிங்க நடுவுல அப்படி ஒண்ணும் கிடையாதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யார்டு கேட் ஞாபகம் வந்தது.

லைனுக்கு வராத நேரத்தில் எங்கள் லாரிகள் சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு யார்டில் நிற்கும். அதை நடத்துகிறவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. கேட்டில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு இரும்புக் கட்டில், பின்பக்கம் ஒட்டியே கழிப்பறை. வரும் வண்டிக்குச் சங்கிலியை இறக்க வேண்டும், நம்பர் எழுத வேண்டும், எந்த வரிசையில் நிறுத்துவது என்று கைகாட்ட வேண்டும். வண்டியைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும். இருந்தவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதால், கொஞ்ச நாளாக டிரைவர்களே இறங்கிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டேன். அண்ணாச்சி டயர் மேல் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடே, வண்டி இல்லாம ஆளு மட்டும் வந்திருக்க?"

கேட் வேலையைக் கேட்டேன்.

"ஒனக்கா?"

"எங்க டிரைவருக்கு. அவர் ஆஸ்பத்திரில இருந்து வர வரைக்கும் நான் பாக்கறேன்."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"இன்னும் சொல்லல."

"நல்லா இருக்குடே. அவனுக்கே தெரியாம அவனுக்கு வேலை." கடலைத் தோலை ஊதினார். "அவன் ஸ்டீயரிங்க விட்டுட்டு சங்கிலியப் பிடிப்பானா?"

"அண்ணாச்சி, எந்த லாரிய எந்த மூலையில சொருகணும்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க யாருக்குத் தெரியும்? ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன எல்லாம் நிக்க வெச்சுத் திட்டலாம். அவருக்குப் புடிக்கும்."

அண்ணாச்சி சிரித்தார். "அது சரிதான். அந்த வாய்க்காகவே குடுக்கலாம். ஆனா நீ? ஒன்ன எனக்குத் தெரியாதா? நீ ஒரு எடத்துல நிக்கிற ஆளா? நாலு நாள்ல கம்பிய நீட்டிட்டன்னா கேட்டு மறுபடி தொறந்து கெடக்கும். அப்புறம் அவனுக்குன்னு நான் வெச்சிருக்க முடியாது, பாத்துக்க. வேற ஆளப் போட்டுருவேன்."

"நிப்பேன்."

"எது வரைக்கும்?"

"அவர் வர வரைக்கும்."

அவர் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "காலைல வா."

அங்கிருந்தே டிரைவருக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்து அவரிடம் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். வார்டில் யாரோ இருமுவது கேட்டது. அவர் இல்லை, வேறு யாரோ.

"வாட்ச்மேனா?" என்றார் கடைசியில்.

"கேட்டு. கக்கூஸு பக்கத்துலயே கீது. கதவு கூட சாத்துது."

"எவன் கேட்டான் உன்ன?"

"சிஸ்டரு கேட்டாங்க."

பிறகு, "அந்த மூணாவது வரிசைல பள்ளம் ஒண்ணு கீது. ராங்கா நிறுத்துனா டிரெய்லர் ஒரு பக்கம் சாயும். அண்ணாச்சியாண்ட மண்ணு போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பாதி சம்மதம். மீதிப் பாதி எண்ணூர் லாரிக்காரனிடம் இருந்தது. கேட்டில் ஆள் இருந்தால்தான் அந்தப் பாதியையும் வாங்க முடியும்.

மறுநாள் காலை யார்டு கேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பையை அறையில் ஆணியில் மாட்டினேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் குடித்தேன். மூலையில் கிடந்த செங்கற்களை எடுத்துவந்து இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வார்டில் பார்த்த மாதிரி உயரம் வைத்தேன். படுத்துப் பார்த்தால் எனக்குக் கீழே சறுக்கியது. வெளியே ஒரு டிரெய்லர் வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய்ச் சங்கிலியை இறக்கினேன்.